தீப்பெட்டி லேபிளிலிருந்து செல்போன் திரைக்கு

"யூ.ஐ. டிசைன் படிக்கப் போறேன்" என்று பிளஸ் டூ முடித்த பெண்கள் சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கிறோம். அது என்ன படிப்பு? அதற்கு எஞ்சினீயர் ஆக வேண்டுமா? நன்றாகப் படம் வரையத் தெரிய வேண்டுமா? விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பெண்ணுக்கு அதெல்லாம் கைவருமா? தாய்மார்களுக்கு இப்படி ஆயிரம் கவலை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கும் அந்தக் கவலை இருக்கத்தான் செய்தது. என் மகள் இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரியவந்ததைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வித்தையில் பாதி நம் வீட்டிலும் நம் ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறது!

யூ.ஐ. என்பது 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்பதன் சுருக்கம். தமிழில் 'இடைமுகம்' என்கிறார்கள். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் இடையில் இருக்கும் முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அமுக்கினால் அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை இது. இதோடு சேர்த்து யூ.எக்ஸ். என்றும் சொல்வார்கள். ஒருவர் ஒரு காரியத்தை ஆரம்பித்து முடிக்கும் வரை தடுமாறாமல் போகிறாரா என்று முழுப் பாதையையும் பார்ப்பது அது. வாசலில் போடும் கோலம் யூ.ஐ. என்றால், வந்த விருந்தாளி வாசலில் நுழைந்து சாப்பிட்டுக் கைகழுவித் திருப்தியாகப் போகும் வரைக்குமான உபசாரம் யூ.எக்ஸ்.!

அடுப்புத் திருகு சொல்லும் பாடம்

மூன்று பர்னர் கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களைக் கேட்கிறேன். எந்தத் திருகு எந்த அடுப்புக்கு என்று எத்தனை தடவை தடுமாறியிருப்பீர்கள்? அடுப்புகள் முக்கோணமாக இருக்கும். திருகுகளோ முன்னால் ஒரே வரிசையில் இருக்கும். பால் பொங்கும் அவசரத்தில் வேறு திருகைத் திருகிவிடுகிறோம். "எனக்கு வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் டொனால்டு நார்மன் என்ற உளவியல் அறிஞர் 1988-ல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்த அடுப்புத் திருகைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அடுப்புகள் எப்படி அமைந்திருக்கின்றனவோ அதே அமைப்பில் திருகுகளையும் வைத்துவிட்டால் யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, பார்த்தவுடனே கை தானாகப் போகும் என்றார். பயன்படுத்துகிறவர் தடுமாறினால் முதலில் பொருளின் அமைப்பைச் சந்தேகப்பட வேண்டும். திரை வடிவமைப்புக்கு இதுதான் அரிச்சுவடி.

லேபிள் பேசும் ஊர்

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்பார்கள். அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923-ல் இங்கே தொழிலை ஆரம்பித்தார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தீப்பெட்டி வந்தது, அதன் பின்னால் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. இன்று சிவகாசி காலண்டர் தொங்காத சுவர் அபூர்வம்.

அந்த லேபிள்களை யாருக்காக வரைந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்காக! தமிழ்நாட்டில் செய்த தீப்பெட்டி பீகாரில் விற்க வேண்டும், ஒரிசாவில் விற்க வேண்டும். வாங்குகிறவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் படம் தெரியும். பட்டாசில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அணில், காளீஸ்வரிக்குச் சேவல். கடைக்காரரிடம் போய்க் கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் "அணில் மார்க் குடுங்க" என்று குழந்தைகூடக் கேட்கும். தூரத்திலிருந்து பார்த்தாலும் இது புஸ்வாணம், இது சங்குசக்கரம் என்று டப்பாவே சொல்லிவிடும். சின்ன இடம், பளிச்சென்ற நிறம், ஒரே ஒரு படம், ஒரே ஒரு சேதி. செல்போன் திரையும் அப்படி ஒரு சின்ன இடம்தானே?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லேபிள் ஒருதடவை பேசிவிட்டு நின்றுவிடும். திரை நம்மோடு பதில் பேச வேண்டும். நாம் அமுக்கினால் "கேட்டுவிட்டது" என்று சொல்ல வேண்டும், தப்பாக அமுக்கினால் திரும்பி வர வழி காட்ட வேண்டும். லேபிள் வரையத் தெரிந்தவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியது இந்தப் பாதியைத்தான்.

ஓட்டு இயந்திரத்தைப் பாருங்கள்

இரண்டு பாதியும் சேர்ந்திருக்கும் நல்ல உதாரணம் ஓட்டு இயந்திரம். 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டை அந்தப் பெட்டியில் போட்டால் போதும். பிறகு ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு முத்திரை குத்துகிற முறை வந்தது. 1982-ல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் மின்னணு இயந்திரத்தை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அதுவே வந்துவிட்டது.

அடுத்த முறை ஓட்டுப் போடப் போகும்போது அதன் முகத்தைக் கவனியுங்கள். வேட்பாளர் பெயர், சின்னம், நீலப் பொத்தான் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். எந்தச் சின்னத்துக்கு எந்தப் பொத்தான் என்ற சந்தேகமே வராது. அமுக்கியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். கண் தெரியாதவர்களுக்குப் பிரெய்ல் எழுத்தும் உண்டு. பக்கத்திலுள்ள பெட்டியில், நாம் போட்ட சின்னம் அச்சான சீட்டு கண்ணாடி வழியே 7 விநாடி தெரியும். நீளமாக 'பீப்' சத்தமும் கேட்கும். கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில், சந்தேகம் தீர ஒரு சீட்டு! எண்பது வயதுப் பாட்டியும் யாரையும் கேட்காமல் தனியாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறாரே, அந்தத் தன்மானத்தைக் காப்பாற்றுவதில் இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு.

இது ஏன் நம் வீட்டு விஷயம்?

"இதெல்லாம் படித்தவர்கள் கவலை, நமக்கு என்ன?" என்று தோன்றலாம். எங்கள் தெருவில் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரிக்கு 2024 தீபாவளி நேரத்தில் ஒரு போன் வந்தது. "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கோம், ஏத்துக்கங்க" என்றான் ஒருவன். போனைத் திறந்தால் திரை முழுக்க இங்கிலீஷ். கீழே இரண்டு பொத்தான். ஒன்று பெரிதாக, பளிச்சென்று இருந்தது. மற்றது மங்கலாக, சின்னதாக இருந்தது. அவள் பளிச்சென்றதை அமுக்கினாள். ரகசிய எண் கேட்டது, போட்டாள். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது! வந்தது பணம் அல்ல, பணம் கேட்டு அனுப்பிய கோரிக்கை. மருந்துத் தூசியில் நின்று சம்பாதித்த காசு. "படிக்காத முண்டம் நான்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவள் ஏமாந்ததற்கு அந்தத் திருடன்தான் முதல் காரணம். ஆனால் அந்தத் திரையும் அவனுக்கு ஒத்தாசை செய்தது. "உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது" என்று கொட்டை எழுத்தில் தமிழில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அவள் கை நின்றிருக்காதா? தனியாள் இன்னொரு தனியாளிடம் இப்படி யூ.பி.ஐ. வழியாகப் பணம் கேட்டு அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆயினும் திருடர்கள் வேறு வழி தேடுவார்கள். ஆகவே சகோதரிகளே, பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. பணம் போவதற்குத்தான் அது வேண்டும். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இந்தக் கண்ணீர்தான் என் மகளை இந்தப் படிப்பின் பக்கம் திருப்பியது. இனி, புதிதாக ஆரம்பிக்கிற பெண் என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் பாடம்: வாயை மூடிக்கொண்டு பார்ப்பது

கம்ப்யூட்டர் வேண்டாம், காசு வேண்டாம். வீட்டிலுள்ள ஒரு பெரியவரிடம் போனைக் கொடுத்து ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். "கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணுங்க" என்றோ, "சித்திக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்றோ சொல்லலாம். பிறகு பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு அமுக்குங்க" என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. எங்கே விரல் நிற்கிறது, எங்கே நெற்றி சுருங்குகிறது, எங்கே "இந்தா, நீயே பண்ணு" என்று போனைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் திரையின் கோளாறு இருக்கிறது.

என் மகள் எங்கள் மகளிர் குழுவை எடுத்துக்கொண்டாள். வாரச் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். அதைச் செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு திரை வரைவது அவள் போட்டுக்கொண்ட பயிற்சி. முதலில் வரைந்த திரையில் உறுப்பினர் போட்டோ, விளக்கப்படம், அறிவிப்பு, வாழ்த்து என்று ஒன்பது சமாச்சாரம் இருந்தது. கூட்டத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லோரும் கேட்டது இரண்டே கேள்வி. "என் கணக்குல எம்புட்டு இருக்கு? கடன் இன்னும் எம்புட்டு கட்டணும்?" திரையில் இரண்டு பெரிய எண்களை வைத்தாள். மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டது.

இரண்டாம் பாடம்: கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும்

திரையை முதலில் காகிதத்தில்தான் வரைய வேண்டும். இதற்கு ஓவியத் திறமை தேவையில்லை. பெட்டி, வட்டம், கோடு போதும். தபால் கார்டு அளவில் காகிதம் வெட்டி, ஒரு காகிதத்துக்கு ஒரு திரை என்று வரையலாம்.

சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிக் கேட்டால் நம் பெண்களுக்கு உற்சாகம் பிறக்கும். 1984-ல் ஆப்பிள் கம்பெனியின் மாக்கின்டாஷ் கம்ப்யூட்டர் வந்ததே, அதில் தெரிந்த குப்பைத் தொட்டி, சிரிக்கும் கம்ப்யூட்டர் முகம் போன்ற குட்டிப் படங்களை வரைந்தவர் அவர்தான். எப்படி வரைந்தார் தெரியுமா? கடையில் வாங்கிய கட்டம் போட்ட நோட்டில், ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பு அடித்து! பக்கத்துக்கு 32 கட்டம், அவ்வளவே இடம். புள்ளிக் கோலமும் குறுக்குத் தையல் எம்ப்ராய்டரியும் போடத் தெரிந்த நமக்கு இது அந்நியமான வித்தையா என்ன?

காகிதத் திரைகளை வைத்துக்கொண்டே ஒரு சோதனை செய்யலாம். என் மகள் குழுவிலுள்ள ஒருவர் முன்னால் முதல் காகிதத்தை வைப்பாள். அவர் பென்சிலில் வரைந்த பொத்தானை விரலால் அமுக்குவார். உடனே இவள் அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பாள். இவளே இயந்திரம்! விளையாட்டு மாதிரி இருந்தாலும் பெரிய கம்பெனிகளிலும் இப்படிச் செய்வதுண்டு. காகிதத்தில் தெரிந்த தப்பை ரப்பரால் அழித்துவிடலாம். புரோகிராம் எழுதிய பிறகு தெரிந்தால் வாரக்கணக்கில் வேலை வீண்.

தீப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகும் ஒரு மதினி பொத்தானை அமுக்கவே இல்லை. அதற்கு மேலிருந்த உண்டியல் படத்தையே அமுக்கிக்கொண்டிருந்தார். "படம்தானே பெரிசா இருக்கு, அதைத்தானே அமுக்கணும்?" என்றார். நியாயம்தானே! படம், பெயர் இரண்டையும் சேர்த்து முழுவதையுமே ஒரே பொத்தானாக்கினாள் மகள்.

மூன்றாம் பாடம்: வாயில் வரும் சொல்லை எழுதுங்கள்

'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். அதைப் பார்த்துவிட்டு, "என்னத்த சமர்ப்பிக்கணும்? கோயிலுக்கா?" என்றார் அதே மதினி. நாங்கள் சிரித்துவிட்டோம், ஆனால் மகள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். 'பணம் கட்டு' என்று மாற்றியதும் யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுபோல 'பரிவர்த்தனை வரலாறு' என்றிருந்ததை 'கட்டியது, வாங்கியது' என்று எழுதினாள். பொத்தானின் மேல் அமுக்கினால் என்ன நடக்குமோ அதைச் சொல்ல வேண்டும். வெறும் 'சரி', 'ஆம்' என்பதைவிட '200 ரூபாய் கட்டு' என்பது மேல்.

திரையில் எழுதும் வாசகத்துக்கென்றே தனி வேலை இருக்கிறது. நல்ல பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் இரண்டும் தெரிந்த பெண்கள் இதில் கவனம் செலுத்தலாம். தமிழ் எழுத்து இங்கிலீஷைவிட அகலம், மேலே சுழியும் கீழே வளைவும் உண்டு. இங்கிலீஷுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழைத் திணித்தால் பாதிச் சொல் வெட்டுப்படும், 'கூ'வின் வால் மறையும். அளவுச் சட்டை தைப்பது மாதிரிதான். உடம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும்.

படங்களிலும் எச்சரிக்கை வேண்டும. திரையின் மூலையில் மூன்று கோடு இருக்குமே, அமுக்கினால் பட்டியல் விரிகிற இடம், அதைப் பார்த்து ஒரு பாட்டி "இது என்ன விபூதிப் பட்டையா?" என்று கேட்டார். பக்கத்தில் 'பட்டியல்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. தெரிந்தவர்களுக்குப் படம், தெரியாதவர்களுக்குச் சொல். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

நான்காம் பாடம்: நிறமும் அளவும்

நிறத்தை மட்டும் நம்பி ஒரு சேதியைச் சொல்லக் கூடாது. கடன் பாக்கியைச் சிவப்பில் காட்டினால் ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள் என நினைத்தாள் மகள். "செவப்பு மங்கலம்தானே, குங்குமம் மாதிரி" என்று விட்டார்கள் குழுவில்! தவிர, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுள்ளவர்கள் உண்டு, ஆண்களில் கொஞ்சம் அதிகம். மளிகைப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். நிறம் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதானே? அதனால்தான் 2020-ஆம் வருஷ விதிகளில் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள். இப்போது நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும்.

தடுப்பு மருந்துக் குப்பியிலும் இந்த நேர்த்தி உண்டு. குழந்தைக்குப் போலியோ சொட்டு போடும்போது நர்ஸம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்தைப் போடலாம். குப்பி வெப்பம் பட்டுக்கொண்டே இருந்தால் சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ போடக் கூடாது. 1996-லிருந்து உலகெங்கும் பழக்கத்துக்கு வந்த ஏற்பாடு இது. ஓர் எழுத்துகூட இல்லாமல் ஒரு குழந்தையின் உடல்நலத்தைக் காக்கும் சேதி!

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தொடும் பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு போன்களுக்கான வழிகாட்டல். ஏறக்குறைய நம் சுண்டுவிரல் நகத்தின் அகலம். மாவு பிசைந்த கைக்கும் நடுங்கும் கைக்கும் அதற்குமேல் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளையின் மேல் வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாசூக்காக இருக்கும், ஆனால் வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று படிக்க முடியாது. எழுதியதை வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பதே நல்ல பரீட்சை. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!

ஐந்தாம் பாடம்: ஐந்து பேரிடம் காட்டுங்கள்

ஆயிரம் பேரைக் கேட்க வேண்டியதில்லை. ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க் நிபுணர், ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரிடம் காட்டுவது உத்தமம். வீட்டில் ஒருவர், தெருவில் இருவர், கடையில் ஒருவர், கோயில் வாசலில் ஒருவர். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் அல்லவா?

எங்கள் குழுவில் இப்படிக் காட்டியபோது மூன்று பேர் 'பணம் கட்டு' என்பதை இரண்டு மூன்று தடவை அமுக்கினார்கள். காரணம், முதல்முறை அமுக்கியதும் அடுத்த காகிதத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நிஜமான போனாக இருந்தால் ஒரே வாரத்துப் பணம் மூன்றுமுறை போயிருக்கும்! பிறகு, அமுக்கியதும் பொத்தான் மறைந்து, "200 ரூபாய் சேர்ந்தது. உங்கள் சேமிப்பு இப்போது 5,400 ரூபாய்" என்று பெரிய எழுத்தில் வரும்படி வரைந்தாள். பக்கத்தில் 'முன்பக்கம் போ' என்று ஒரு வழியும் வைத்தாள். ஓட்டு இயந்திரத்தின் விளக்கும் சத்தமும் சீட்டும் சொல்லும் பாடம் இங்கே உதவியது.

கம்ப்யூட்டர் எப்போது வேண்டும்?

இவ்வளவும் பழகிய பிறகு கம்ப்யூட்டருக்குப் போகலாம். திரை வரைவதற்கு ஃபிக்மா என்ற கருவியை இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். பழகுகிறவர்களுக்கு அதில் இலவசப் பிரிவு உண்டு. பென்பாட் என்ற திறந்த மென்பொருளும் இலவசமே. செல்போனில் வரைந்ததைப் பார்க்கலாமே தவிர, வசதியாக வரைய முடியாது. பழைய கம்ப்யூட்டராவது ஒன்று வேண்டும். பள்ளி, கல்லூரி, நூலகம் என்று எங்கே கிடைத்தாலும் வாரம் சில மணி நேரம் போதும்.

நம் பக்கத்து அச்சகங்களில் டி.டி.பி. வேலை பார்க்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கோரல்டிராவில் லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் போடுகிறவர்களுக்கு இடைவெளி, எழுத்துரு, நிறப் பொருத்தம் எல்லாம் கைப்பழக்கம். அவர்கள் ஃபிக்மாவைக் கற்றுக்கொள்வது, பாவாடை தைக்கத் தெரிந்தவர் சுடிதார் தைக்கக் கற்றுக்கொள்வது மாதிரி. கூடுதலாகப் பழக வேண்டியது, 'அமுக்கினால் என்ன ஆகும்?' என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொள்வதுதான்.

படிப்பும் வேலையும்

முறையாகப் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு நல்ல இடங்கள் உண்டு. ஆமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969-ல் தொடங்கிய வடிவமைப்பு மையம் இரண்டும் பேர்போனவை. நம் ரூபாய்க் குறியை வடிவமைத்து 2010-ல் புகழ்பெற்ற உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், அந்த ஐ.ஐ.டி. மையத்தில் படித்தவர். பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவர்களும் ஐ.ஐ.டி.களில் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான 'யூசீட்' நுழைவுத் தேர்வை எழுதலாம். கணக்கில் புலியாக இருக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். கவனித்துப் பார்க்கும் திறன், பென்சிலால் கருத்தை வரைந்து காட்டும் திறன் ஆகியவற்றையும் அதில் சோதிக்கிறார்கள். வீட்டிலிருந்தே படிக்க விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் சுவயம், என்.பி.டி.இ.எல். வழியாக வடிவமைப்புப் பாடங்களை இலவசமாகக் கேட்க முடியும்.

இதில் தாய்மார்கள் ஓர் எச்சரிக்கையை மனதில் வைக்க வேண்டும். "மூன்றே மாதம், வேலை நிச்சயம், கட்டணம் மட்டும் முன்கூட்டி" என்று ஆசைகாட்டுகிற இடத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். வேலை கொடுப்பவர்கள் சான்றிதழைவிட, செய்துகாட்டிய வேலைகளின் தொகுப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தத் தொகுப்பில் அழகான படங்கள் மட்டும் இருந்தால் போதாது. யாருக்காகச் செய்தோம், அவர்கள் எங்கே தடுமாறினார்கள், என்ன மாற்றினோம், மாற்றிய பிறகு என்ன ஆயிற்று என்ற கதை இருக்க வேண்டும். இப்படி மூன்று நல்ல வேலை இருந்தால் ஒரு பெண் தைரியமாகப் போய் நிற்கலாம். உடனே கைநிறையச் சம்பளம் என்று நான் சொல்லமாட்டேன். போட்டி இருக்கிறது, கணினியே படம் போட்டுத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் பட்டாசு ஆலைப் பெண்ணின் விரல் எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு மனுஷி வேண்டும்தானே?

அந்த மனுஷி நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இன்னும் விசேஷம். பெரிய நகரங்களில் உட்கார்ந்து திரை வரைகிறவர்களுக்கு நம் மதினிமார்களின் பேச்சு தெரியாது, வாரக்கூலி தெரியாது, பயம் தெரியாது. நமக்குத் தெரியும். குழந்தை ஏன் அழுகிறது என்று வாய்திறந்து சொல்லாமலே கண்டுபிடிக்கிறவர்கள் அல்லவா நாம்? திரை வடிவமைக்கிறவளுக்கு வேண்டிய முதல் குணம் அதுவேதான்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பெண் "யூ.ஐ. டிசைன்" என்று ஆரம்பித்தால் பதறாதீர்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, ரப்பர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மாமியாரிடமோ பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ செல்போனைக் கொடுத்துவிட்டு, பேசாமல் அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எழுந்து வந்த பிறகு அவள், "பாட்டிக்கு ஒண்ணும் தெரியல" என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். "அம்மா, அந்தத் திரை சரியில்லை" என்று சொன்னால், அவள் படிப்பு ஆரம்பமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.